மாடு மறக்கும் நோயும் மறக்காத நோயும்



கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது எந்த ஒரு நோயைப் பற்றியும் அல்ல. "எதிர்ப்பு சக்தி ஏறுறதுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார்" என்பதுதான். மாடு வைத்திருப்பவர் கேட்பார், கோழிப்பண்ணைக்காரர் கேட்பார், இறால் குட்டை போட்டவரும் கேட்பார். மூவருக்கும் ஒரே பதில் இருக்கிறது என்று நம்பித்தான் கேட்பார்கள். மருந்துக் கடையில் இந்த நம்பிக்கைக்கென்றே ஓர் அலமாரி நிறைய டானிக் அடுக்கியிருப்பார்கள்.

தீனி போதாமல், குடற்புழு ஏறி, எலும்பும் தோலுமாக நிற்கிற மாடு எந்த நோய்க்கும் சீக்கிரம் விழும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. அதற்குத் தீனி போட வேண்டும், புழு நீக்க வேண்டும். ஆனால் நன்றாகத் தின்று கொழுத்த மாட்டுக்கு மேலும் ஏற்றிவிடக்கூடிய பொதுவான சக்தி என்று ஒன்று உடம்பில் எங்குமே இல்லை. எந்த விலங்கு, எந்தக் கிருமியை, எந்த வயதில், எத்தனை காலத்துக்குத் தடுக்கிறது என்று தனித்தனியாகத்தான் கேட்க முடியும். ஒரே மாடு ஒரு நோயை ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருக்கும். இன்னொன்றை ஆறு மாதத்தில் மறந்துவிடும். இன்றைய உரை இதைப் பற்றியது.

ஆயுளுக்கும் மறக்காத நோயிலிருந்து தொடங்குகிறேன். இங்குள்ள மாணவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், இனியும் பார்க்கக்கூடாது. வெக்கை நோய். காய்ச்சலில் தொடங்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு அப்பியதுபோல் புண் பரவும். பிறகு நாற்றமெடுத்த கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு படுத்துவிடும். இந்த நோயை முன்பின் பார்த்திராத மந்தையில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடுகூடச் சாகும். 1890களில் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் அப்படித்தான் நடந்தது. மாட்டை நம்பியிருந்த மக்கள் பஞ்சத்தில் மாண்டார்கள்.

ஆனால் வெக்கையில் விழுந்து பிழைத்த மாட்டுக்கு அது மறுபடி வராது. இதை ஆராய்ச்சிக்கூடம் வருவதற்கு முன்பே மேய்ப்பவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். இதற்குக் காரணம் மாட்டிடம் பாதி, வைரஸிடம் பாதி. நோய் தணிந்த பிறகும் மாட்டின் எலும்பு மஜ்ஜையில் வெக்கைக்கான எதிர்ப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். நிணநீர்க் கணுக்களில் அதே வைரஸை அடையாளம் தெரிந்த நினைவணுக்கள் காத்திருக்கும். வைரஸோ உலகமெங்கும் ஒரே சீரம் வகை. ஒரு நாட்டில் எடுத்த கிருமிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் வேறெந்த நாட்டுக் கிருமியையும் பிடித்துவிடும். பிழைத்த மாட்டின் உடம்பில் அது ஒளிந்து தங்குவதும் இல்லை.

இமயமலையில் குமாவும் பகுதியின் முக்தேஸ்வரில், ஊர் மாடுகளை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதற்காகவே மலை உச்சியில் அமைக்கப்பட்ட ஆய்வகத்தில், 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை வெள்ளாட்டுக்கு வெள்ளாடு மாற்றி மாற்றிச் செலுத்தினார். வெள்ளாட்டுக்குப் பழகப் பழக மாட்டைக் கொல்லும் வேகம் அதற்குக் குறைந்தது. அதுவே தடுப்பூசியானது. இந்தியாவின் திமில் மாடுகள் லேசான காய்ச்சலோடு அதைத் தாங்கிக்கொண்டன. அதே ஊசி ஐரோப்பிய இன மாடுகளைக் கடுமையாகப் படுத்தியது. சில மாடுகள் செத்தும் போயின. சீமை மாடு தீனியில் குறைந்ததல்ல, உடற்கட்டில் குறைந்ததல்ல. எதிர்ப்பு சக்தி ஒரே சரக்காக இருந்தால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது? பல தலைமுறைகளாக வெக்கையோடு வாழ்ந்த இனத்துக்கு அந்த ஒரு நோயோடு மட்டும் ஒரு பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளவ்ரைட் கன்றின் சிறுநீரக அணுக்களில் வைரஸை வளர்த்து, எல்லா இன மாட்டுக்கும் பொருந்தும் தடுப்பூசியைச் செய்தார். ஒரு முறை போட்டால் போதும். இந்தியாவில் 1954இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் ஏறி இறங்கி, இழுத்துப் பறித்து, 1995இல் கடைசி நோயைக் கண்டது. 2011இல் உலகம் முழுவதும் வெக்கை ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் வேரோடு ஒழித்த இரண்டாவது நோய், மாட்டு நோய். பத்திரிகைகளில் அது ஒரு பத்திச் செய்தியாக வந்து போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இப்போது அதே மாடு, வேறு நோய். கோமாரி, காணை என்பவர்களும் உண்டு. வாயில் நுரை ஒழுகும். நாக்கின் மேல்தோல் கொப்புளம் உடைந்து கையோடு உரிந்து வரும். குளம்பு இடுக்கில் புண் வைத்து மாடு காலை உதறிக்கொண்டு நிற்கும். வளர்ந்த மாடு பெரும்பாலும் சாகாது. ஆனால் கறவை போய்விடும். உழவு மாடு உழவுக்கு ஆகாது. இளங்கன்று இதயம் பாதித்துத் திடீரென்று விழும். விலங்கு நோய்களில் வைரஸால் வருவது என்று முதலில் காட்டப்பட்டது இதுதான்: 1898இல் ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ராஷும், பாக்டீரியாவை நிறுத்தும் வடிகட்டியைத் தாண்டி இந்த நோய் செல்வதைக் கண்டார்கள்.

நூறு ஆண்டுக்கு மேல் தெரிந்த கிருமி. ஆனாலும் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்கிறோம். ஏன்? கோமாரி வைரஸில் ஏழு சீரம் வகைகள். ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள் மற்றதைத் தடுக்காது. வகைக்குள்ளேயும் அது உருமாறிக்கொண்டே இருக்கும். உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துக் கொடுத்தால் அது எப்படித் திரும்பும் என்று நம்ப முடியாததால், செயலிழக்கச் செய்த வைரஸையே ஊசியில் தருகிறோம். உடம்புக்குள் பெருகாத அந்தக் கிருமி மாட்டுக்கு ஆழமான பாடம் எதையும் கற்பிப்பதில்லை; எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் தேய்ந்து இறங்கிவிடும். போதாததற்கு, நோய் வந்து தேறிய மாட்டின் தொண்டையில் வைரஸ் நெடுநாள் தங்கும். வெக்கையில் நமக்குச் சாதகமாக இருந்த எல்லாமே இங்கே எதிராக நிற்கின்றன. "போன தடவைதானே போட்டீங்க, மறுபடியும் எதுக்கு?" என்று கேட்கிறவரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பது நோய் எதிர்ப்பியலின் மையமான கேள்வி.

நினைவே இல்லாத விலங்குகளும் உண்டு. உண்மையில் விலங்குலகில் பெரும்பான்மை அவைதான்: பூச்சி, நண்டு, நத்தை, புழு. எதிர்ப்பொருள் செய்யும் வித்தை முதுகெலும்புள்ளவற்றுக்கு மட்டுமே உரியது. மற்றவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்கு முதல் விடை 1882 டிசம்பரில் சிசிலித் தீவின் மெசினாவில் கிடைத்தது. ருஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவ், வீட்டார் எல்லாம் சர்க்கஸுக்குப் போயிருந்த நேரத்தில், நட்சத்திர மீனின் இளம் பருவ உயிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல் உள்ளே எல்லாம் தெரியும் உயிரி அது. தோட்டத்து ரோஜாச் செடியின் முள்ளை எடுத்து அதன் தோலுக்கடியில் செருகி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், ஊர்ந்து திரியும் அணுக்கள் முள்ளை நாற்புறமும் மொய்த்திருந்தன. இரத்தக்குழாய் இல்லை, எதிர்ப்பொருள் இல்லை. அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்க முனையும் அணு மட்டும் இருந்தது. நம் உடம்பில் சீழ்க் கட்டிக்குள் செத்துக் கிடப்பவை பெரும்பாலும் அந்த மரபைச் சேர்ந்த விழுங்கணுக்களே. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்பொருள்தான் எல்லாம் என்ற கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்கோடு அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு கட்சியும் சரி என்று தெரியப் பின்னும் பல காலம் ஆயிற்று.

நம் கடற்கரையில் இதற்கு நேரடியான ஒரு பாடம் நடந்தது. 1990களின் நடுவில் கிழக்குக் கரையின் இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் வாரிச் சுருட்டியது. குட்டையின் ஓரத்துக்கு வந்து ஒதுங்கும் இறால். ஓட்டில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. சில நாளில் குட்டையே காலி. இறாலுக்கு ஏன் மாட்டைப்போல் ஊசி இல்லை என்று பண்ணைக்காரர்கள் கேட்டார்கள். ஊசி வேலை செய்ய எதிர்ப்பொருள் வேண்டும், நினைவணு வேண்டும். இறாலிடம் இருப்பது விழுங்கணுக்களும், இரத்தத்தை உறையவைக்கும் ஏற்பாடும், கிருமி நுழைந்த இடத்தைக் கருநிறமியால் பூசி அடைக்கும் வழியும்தான். காயம்பட்ட இறாலின் ஓட்டில் கறுப்புத் தழும்பைப் பார்த்திருப்பீர்கள், அதுவே அது. ஆகவே தற்காப்பை உடம்புக்கு வெளியே கட்ட வேண்டியதாயிற்று. குட்டையைச் சுற்றி நண்டு வேலி, மேலே பறவை வலை, தண்ணீருக்குக் குளோரின். 2009க்குப் பிறகு வன்னாமி இறாலை அனுமதித்தபோது, நோய்க்கிருமியற்ற தாய் இறாலை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குக் கொடுத்தார்கள். டானிக் புட்டி இங்கே எதைத் தூண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்து கோழி. எதிர்ப்பொருள் உடம்பில் எங்கிருந்து வருகிறது என்பதை மனிதனுக்குக் காட்டிக்கொடுத்தது கோழிதான். குஞ்சின் எச்சத்துவாரத்துக்குச் சற்று மேலே, குடலோடு ஒட்டி ஒரு சிறு பை இருக்கும். பதுவா நகரத்து உடற்கூற்றியலாளர் ஃபாப்ரிசியஸின் பெயரால் அதை ஃபாப்ரிசியஸ் பை என்பார்கள். பருவம் வந்ததும் சுருங்கிப்போகும் அந்தப் பை எதற்கு என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கும் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் குஞ்சுகளிலிருந்து அதை வெட்டியெடுத்துப் பார்த்தார். வளர்ச்சியில் குறை ஒன்றும் தெரியவில்லை. மிஞ்சிய கோழிகளைச் சாங் என்ற சக மாணவர் வகுப்பில் எதிர்ப்பொருள் உருவாவதைச் செய்துகாட்ட வாங்கிப்போனார். சால்மொனெல்லாவைச் செலுத்தினார். எதிர்ப்பொருள் வரவில்லை. செய்முறை வகுப்பு கெட்டது. ஆனால் பை எதற்கென்று விளங்கியது. கட்டுரையைப் புகழ்பெற்ற அறிவியல் இதழ் திருப்பி அனுப்ப, 1956இல் கோழியியல் இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. கோழியியல் இதழை எந்த மனித மருத்துவர் புரட்டப்போகிறார்? சில ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமலே கிடந்தது. இன்று பாடநூல்களில் பி அணு என்று படிக்கிறோமே, அந்த 'பி' இந்தப் பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து.

நாமக்கல் பண்ணைகளில் கம்போரோ என்று சொன்னால் யாருக்கும் விளக்க வேண்டாம். 1962இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அந்தப் பெயருள்ள ஊரின் அருகிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட நோய் அது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைப் பிடிக்கும் அதன் வைரஸ் நேராக இந்தப் பையைத்தான் குறிவைக்கிறது. செத்த குஞ்சை அறுத்தால் பை வீங்கிக் கொழகொழவென்று, சிலவற்றில் இரத்தம் கட்டி இருக்கும். பிழைத்தவற்றில் சில நாளில் சுருங்கிப் போயிருக்கும். பிழைத்த குஞ்சு நன்றாகத்தான் தின்னும், ஓடும். ஆனால் அதற்குப் பிறகு வெள்ளைக்கழிச்சலுக்கு எத்தனை சொட்டு மருந்து விட்டாலும் சரிவரப் பிடிக்காது. எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களின் பட்டறையே எரிந்துபோன பிறகு தடுப்பு மருந்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தடுப்பு மருந்து போலி என்று பண்ணைக்காரர் சண்டை பிடித்த சில இடங்களில், குஞ்சை அறுத்துப் பையைக் காட்டிய பிறகே பேச்சு முடிந்தது.

பாலூட்டிகளுக்கு வருகிறேன். மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலேயே பெற்றுவிடுகிறது. கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு எதிர்ப்பொருளைக் கடத்தாது. பிறந்த கன்றின் இரத்தத்தில் அது கிட்டத்தட்டச் சுழி. ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி, குதிரைக்குட்டி எல்லாம் இதே கணக்குதான். தாய் தர வேண்டியது முழுதும் சீம்பாலில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள, கன்றின் குடல் பிறந்த சில மணி நேரம் மட்டும் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் விடும். முதல் ஆறு மணி நேரம் நன்றாக விடும், பிறகு குறையும், ஒரு நாள் ஆனால் வழி அடைபட்டுவிடும். முப்பது கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர் சீம்பால் முதல் சில மணி நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும்.

கோவைப் பக்கம் ஒரு கட்டுத்தறியில் பார்த்தது. கன்று எழுந்து நின்று மடியை முட்டப் பார்க்கிறது; அதைத் தனியே கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "இன்னும் நஞ்சு விழுகலீங்க சார், அதுக்குள்ள பால் ஊட்டுனா நஞ்சு நின்னுக்கும்ங்க" என்றார் வீட்டு ஆத்தா. "இல்லீங்க ஆத்தா, கன்னு ஊட்டுனாத்தான் நஞ்சு சீக்கிரம் விழுகும்" என்று சொல்லிக் கன்றை அவிழ்த்துவிடச் செய்தேன். ஊட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கவைக்கும் என்பதை அவரிடம் விரிக்கவில்லை. அவரும் முழுதாக நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாலை வரை காத்திருக்க வைத்த கன்றுகள் அடுத்த சில வாரங்களில் கழிச்சலிலும் மூட்டு வீக்கத்திலும் போவதை நாம் 'கன்னுக்குச் சத்தில்லை' என்று எழுதிவிடுகிறோம். சத்து எல்லாம் இருந்தது. ஆறு மணி நேரம்தான் தவறியது.

சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் கன்று தானே செய்தது அல்ல. தாய் கொடுத்த கைமாற்று. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். கரைந்து முடியும் வரை ஊசி போட்டாலும், ஊசியில் உள்ள கிருமியைத் தாயின் எதிர்ப்பொருளே பிடித்துக்கொள்ளும்; கன்றின் சொந்த அணுக்கள் அதைப் பார்க்கவே வாய்ப்பிருக்காது. கோமாரிக்கு முதல் ஊசியை நான்காவது மாதம் வரை தள்ளுவது இதனால்தான். முந்தினால் வீண், பிந்தினால் ஆபத்து.

எதிர்ப்பு அதிகமானால் நல்லது என்ற எண்ணத்துக்கு வௌவால் நல்ல மறுப்பு. பழந்தின்னி வௌவால்கள் நிபா வைரஸைச் சுமந்துகொண்டே நோயின்றிப் பறக்கின்றன. 1998-99இல் மலேசியாவில் பன்றிகளுக்கும் அவற்றிலிருந்து மனிதருக்கும் அதே வைரஸ் போனபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளை அழிக்க வேண்டியிருந்தது. வௌவாலின் உடம்பில் அழற்சியைக் கிளப்பும் சில புரதங்கள் மட்டுப்பட்டிருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. கடும் தொற்றில் மனித உடம்பைச் சிதைப்பதில் பெரும்பங்கு நம் சொந்த அழற்சிக்கே உண்டு. வௌவால் வைரஸை மேயவிட்டுக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொள்வதில்லை.

கடைசியாக வெள்ளாடு. நாளை உங்களில் பலர் இறங்கப்போகும் வேலை இது. ஆட்டுக்கொல்லி நோயின் வைரஸ் வெக்கை வைரஸின் நெருங்கிய உறவு. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் முதலில் கண்டறிந்தது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அதற்கு முன் அதை ஆட்டுக்கு வந்த வெக்கை என்றே எண்ணியிருந்தோம். அந்தச் சின்ன ஊரின் பெயரைத் தாங்கிய 'அரசூர் 87' வகையிலிருந்து நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. இதுவும் ஒரே சீரம் வகை. உயிருள்ள, வலுக்குறைத்த தடுப்பூசி. ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டு தாங்கும். கறிக்கு வளர்க்கும் ஆட்டின் ஆயுளுக்கு அது தாராளம். வெக்கையில் சாதகமாக இருந்த எல்லாமே இங்கும் இருப்பதால்தான் 2030க்குள் உலகம் முழுதும் இதை ஒழிக்க வேண்டும் என்று 2015இல் இலக்கு வைத்தார்கள்.

பிறகு ஏன் இன்னும் ஆடு சாகிறது? நினைவு அந்தந்த ஆட்டின் உடம்பில்தான் இருக்கிறது, பட்டியில் இல்லை. மாடு ஆண்டுக்கு ஒரு கன்று போட்டால் பெரிது. வெள்ளாடு இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து, ஈத்துக்கு இரண்டு குட்டி போடும். கிடாய்கள் ஆடிக்கும் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் விற்றுப்போகும். ஊசி போட்ட ஆடு கறிக்கடைக்குப் போக, ஊசி போடாத குட்டி அதன் இடத்தில் நிற்கும். சந்தையிலிருந்து வாங்கிச் சேர்த்தது வேறு. இன்று முழுதாக ஊசி போட்ட பட்டி அடுத்த ஆண்டே பாதிக்குப் பாதி நோயறியாத பட்டியாகிவிடும். சீம்பால் தந்த பாதுகாப்பு மூன்று நான்கு மாதத்தில் வடிந்த குட்டிகள்தான் அந்தப் பாதி. ஆண்டுக்கொரு முகாம் போட்டுத் தாய் ஆடுகளை எண்ணிக் கணக்கு முடிப்பதைவிட, அந்த ஊரில் எந்த மாதம் குட்டி அதிகம் விழுகிறது என்று ஆடு மேய்க்கும் பெண்களிடம் கேட்டு, அதிலிருந்து நான்கு மாதம் தள்ளி ஐஸ் பெட்டியோடு போய் நிற்பது மேல். முகாம் தேதியைத் தலைநகரத்தில் குறிக்கும் வரை இது நடக்காது.